உப்பு தேவைக்கேற்ப

செம்பாக்கம்
13-6-1993, ஞாயிறு

மேரி,

முதலில் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோணல்மாணலாகத்தான் இருக்கும். 'ழ' எழுதும்போது கை எங்கேயோ போய்விடுகிறது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறேன். தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று முப்பத்து நாலு வருடம் பார்த்தவன், ஒரு வரியை நேராக ஓட்ட முடியவில்லை. பொறுத்துக்கொள். காலைப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன், இப்போது கோயிலில் பகல் மணி அடிக்கிறது. ஆனால் இது முழுக்க என் கை. யாரும் எழுதித் தரவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. இந்த இன்லண்டை மடித்துப் போட்டால் அது அனகாபுத்தூருக்கு வந்து நான் பேசுவதை உன்னிடம் சொல்லும்!

நீ போய் எட்டு நாள் ஆகிறது. அன்று நடந்ததை உன் அண்ணனிடம் எப்படிச் சொன்னாயோ தெரியாது. என் பக்கத்தை நானும் எழுதிவிடுகிறேன்.

அறிவொளி வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். பஸ் போர்டு, சோப்பு உறை, காலண்டர், சுவறில் ஒட்டின கண்ணீர் அஞ்சலி, எதையும் விடுவதில்லை. அன்று மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் கிளி படம் போட்ட பாக்கெட்டுகளை மடித்து வைத்திருந்தாய். மூன்று வருடமாக அந்தக் கிளியைப் பார்க்கிறேன். ஒரு தடவை கேட்டதற்குச் சீயக்காய்த் தூள் என்றாய். சரி, சீயக்காய் என்று இருந்துவிட்டேன். அன்று எழுத்துக் கூட்டினேன். மூன்று கிளி மார்க். குழம்புப் பொடி. படித்து முடித்த சந்தோஷத்தில் "மேரி, ஒரு தப்பும் இல்லாம படிச்சிட்டேன்" என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வையில்தான் நான் படித்ததன் அர்த்தம் எனக்கு விளங்கியது.

எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! எங்கள் வீட்டுக் குழம்பு மாதிரி தாம்பரத்திலேயே கிடையாது, மேரி மிளகாயை வெயிலில் போட்டு, மல்லியை வறுத்து, தானே இடிப்பாள் என்று. இதைக் கேட்டுக் கேட்டே அடுத்த வீட்டு வேதாசலத்துக்கும் அவன் சம்சாரம் கன்னியம்மாவுக்கும் எத்தனை நாள் சண்டை வந்திருக்கிறது! நானோ கடைத் தூளைத் தின்றுவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி இருக்கிறேன்.

கோபத்தில் டீச்சரம்மா ஞானசௌந்தரி வகுப்புக்குக் கொண்டுவருகிற சுண்டலில் இருக்கிற ருசி உன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் நேற்று வேதாசலம் ஒன்று சொன்னான். அனகாபுத்தூரில் அவன் தங்கை வீட்டுக்குப் போனானாம். "இன்னா சின்னப்பா, ஒன் மச்சான் வூட்டாண்ட மொளகா வறுக்கிற நெடி தெருமொனை வரிக்கும் தூக்குது. ஒன் சம்சாரந்தான் வறுத்துகினு கீது, என் கண்ணால பார்த்தேன்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணனுக்கு வறுத்து இடித்துப் போடுகிறாய், எனக்குப் பாக்கெட்.

சாயங்காலம் அடுப்படி வாசலில் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். அடுப்பு அணைந்திருந்தது.

சின்னப்பன்


அனகாபுத்தூர்
18-6-1993

வீட்டுக்காரருக்கு செல்வமேரி எழுதியது.

கடிதம் கிடைத்தது. 'சுவரில்' என்பதற்கு வல்லின 'ற' போட்டிருக்கிறீர்கள். உங்கள் டீச்சரம்மா இதையெல்லாம் சொல்லித் தரவில்லையா? சுண்டல் அவிக்கவே நேரம் சரியாக இருக்கும் போலிருக்கிறது.

நாற்பது வருடம் உங்களுக்கு வந்த கடிதத்தையெல்லாம் படித்துச் சொன்னவள் நான். மகள் திருச்சியிலிருந்து எழுதினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படிப்பேன். அப்போதெல்லாம் ஒரு சுண்டலும் எனக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் சாயங்காலம் ஒரு மணி நேரம் சிலேட்டைப் பிடித்தவள் கையில் மட்டும் ருசி வந்துவிட்டது. இருக்கட்டும்.

எழுத்து தெரிய வேண்டும் என்று என்னிடம் ஒரு நாள் கேட்டிருந்தால் நானே சொல்லித் தந்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. சின்னப் பெண் கேட்டதும் அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

பாக்கெட்டைப் பற்றி நான் இப்போது எதுவும் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டுச் சண்டை பிடித்தீர்கள். பின்பக்கமும் எழுத்து இருக்கிறது. சின்ன எழுத்து. முடிந்தால் படியுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை அலமாரியில் மேல் தட்டில் வெள்ளை டப்பாவில் இருக்கிறது. காலையில் ஒன்று. மறக்க வேண்டாம்.

செல்வமேரி


செம்பாக்கம்
4-7-1993

மேரி,

மாத்திரை சாப்பிடுகிறேன். டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் படித்துவிட்டேன், அது இங்கிலீஷ். அதனால் படித்தேன் என்று சொல்ல முடியாது, பார்த்தேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். நாலு நாள் ஆனது. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. சண்டைக்கார எழுத்துதான், ஆனாலும் அழகு. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பின்பக்கம் படிக்க வேதாசலத்தின் கண்ணாடியைக் கடன் வாங்கினேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தேன், அது கொஞ்சம் தெளிவாக இருந்தது. "தயாரிப்பு: ஏ. ஏசுபாதம், அனகாபுத்தூர், சென்னை - 70." மூன்று தடவை படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று வகுப்புக்கு எடுத்துப்போய் டீச்சரம்மாவிடமும் காட்டினேன். "தாத்தா, கரெக்டா படிக்கிறீங்க" என்று கைதட்டினாள். எனக்குக் கைதட்டல் கேட்கவில்லை.

உன் அண்ணன்!

மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு எல்லார் காதிலும் விழும்படி "உப்பு பத்தல" என்று சொன்ன ஏசுபாதம். அந்தச் சாம்பாருக்கு உப்பு பார்த்தது நான் என்று தெரிந்தேதான் சொன்னான். அன்றிலிருந்து பத்து வருடம் அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. உனக்குத் தெரியும். தெரிந்தே அவன் விற்கிற தூளை வாங்கிவந்து, சீயக்காய் என்று சொல்லி, எனக்குக் கரைத்து ஊற்றியிருக்கிறாய்.

மேரி, கோபம் தூளின் மேல் இல்லை. நான் படிக்கத் தெரியாதவன் என்பதால்தானே சீயக்காய் என்று சொன்னாய்? எழுத்து தெரிந்த புருஷனிடம் அப்படிச் சொல்வாயா? அது என்னை உறுத்துகிறது. செருப்பில் கல் விழுந்த மாதிரி நடக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

இன்னொன்றும் யோசித்தேன். புதன்கிழமை தோறும் சகாய மாதா நவநாள் என்று காலையிலேயே கிளம்புவாய், சாயங்காலம் திரும்புவாய். நம் கோயிலில் நவநாள் செபம் ஒரு மணி நேரம்தான். நேற்று சாமியாரிடம் கேட்டேன். "செல்வமேரியைப் புதன்கிழமையில் நான் பார்த்ததில்லையே" என்றார். மாதாவின் பெயரைச் சொல்லி எங்கே போனாய்?

எழுது. உண்மையை எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

சின்னப்பன்


அனகாபுத்தூர்
10-7-1993

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

சாமியாரிடம் போய்க் கேட்டீர்களா? சரி. இனி அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்ள வேறு பாக்கி ஒன்றும் இல்லை. உங்களிடம்தான் பாக்கி.

சீயக்காய் என்று சொன்னது தப்பு. அதற்கு எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டபோது வாயில் வந்துவிட்டது, நீங்கள் நம்பிவிட்டீர்கள், பிறகு மாற்றிச் சொல்லப் பயமாக இருந்தது. நீங்கள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றே அந்தப் பாக்கெட்டுகளை எரித்திருக்கலாம். ஏனோ எரிக்கவில்லை. ஒருநாள் படிக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

இப்போது மீதியைக் கேளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணன் வேலையை விட்டுவிட்டுப் பழைய தறிக் கொட்டகையை எடுத்து மசாலாத் தூள் கம்பெனி ஆரம்பித்தது. முதலில் போட்ட தூள் செங்கல் பொடி மாதிரி. ஒரு கடைக்காரரும் இரண்டாம் தடவை வாங்கவில்லை. அண்ணன் நம் வீட்டுக்கு வர முடியாது, அதனால் கோயில் வாசலில் எனக்காகக் காத்திருந்தது. "மேரி, ஒன் கையளவைச் சொல்லு, வேற எதுவும் வேணாம்" என்றது. கையளவைச் சொல்லால் சொல்ல முடியுமா? நேரில்தான் வர வேண்டும் என்றேன். போனேன். முதல் புதன்கிழமை.

மல்லி எந்த நிறம் வரும்போது இறக்க வேண்டும், வெந்தயம் எப்போது கசக்கும், மிளகாய்க் காம்பைக் கிள்ளாமல் போட்டால் என்ன ஆகும் என்று நின்று காட்டினேன். அரைத்து வந்ததும் மோந்து பார்த்தேன். நம் வீட்டு அடுப்படி அப்படியே அந்தப் பாக்கெட்டுக்குள் இருந்தது. ஆமாங்க, மூன்று கிளி என் பொடி. நீங்கள் மூன்று வருடமாகச் சாப்பிட்டது என் கை வறுத்ததுதான். அங்கே ஐம்பது கிலோவாக வறுத்ததில் ஒரு பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே தூளை எதற்கு இரண்டு தடவை வறுக்க வேண்டும்? தோள் வலி வேறு.

இங்கே பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லாருக்கும் நான் மாஸ்டரக்கா. நான் வந்து மோந்து பார்க்காமல் மிஷினைப் போட மாட்டார்கள். உங்கள் கடிதம் வந்த அன்று பாக்கெட் ஒட்டுகிற காந்திமதி என் கையிலிருந்து பிடுங்காத குறை. "யக்கா, ஒங்க வூட்டுக்காரர் லெட்டரா? இன்னா எய்திகீறாரு? படிச்சிக் காட்டுக்கா!" என்று ஒரே கூத்து. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்கிற இடம் வந்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மிளகாய் நெடியில் வாயைத் திறந்து சிரிக்க முடியாது.

யார் வாங்குகிறார்கள் தெரியுமா? தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலைக்குப் போகிற பெண்கள். காலை ஆறரை வண்டியைப் பிடிக்க வேண்டும், அவள் எப்போது மல்லி வறுப்பாள்? அவளுக்கு வறுக்க நேரமில்லை, எனக்கு இருக்கிறது. இதில் என்ன பாவம் என்று சொல்லுங்கள்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். இந்த ஐந்து வாரமாகத் தினமும் போகிறேன். புதன்கிழமை மட்டும் போய்க்கொண்டிருந்தபோது மற்ற ஆறு நாளும் புதன் எப்போது வரும் என்று இருக்கும்.

செல்வமேரி


செம்பாக்கம்
25-7-1993

மேரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. எழுத்து வராததால் இல்லை. எந்தக் கோபத்தை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

நீ என்னை விட்டுவிட்டுப் பாக்கெட்டுக்குப் போய்விட்டாய் என்று இருந்தேன். இப்போது பார்த்தால் பாக்கெட்டுக்குள் இருப்பதே நீதான். இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். டீச்சரம்மாவும் அப்படித்தான் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சொல்கிறேன், கேள்.

வியாழக்கிழமை பகல் ஏரிக்கரைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற நகர் வழியாக நடந்தேன். பதினொன்றரை மணி. முதல் வீட்டு ஜன்னலிலிருந்து நம் வீட்டுக் குழம்பு வாசனை வந்தது. நின்றுவிட்டேன். அடுத்த வீட்டிலும் அதே வாசனை. மாடியில் யாரோ மார்வாடிப் பெண், அங்கேயும் அதே. ஒரு வீட்டில் ஒருத்தன் பனியனோடு உட்கார்ந்து அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான், யாரென்றே தெரியாது. நாற்பது வருடம் எனக்கு மட்டும் இருந்தது. அதை அவன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தின்கிறான். ருசி பார்த்துக்கூடத் தின்னவில்லை! எனக்கு உள்ளே போய் அவன் தட்டைப் பிடுங்கலாம் என்று வந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் கன்னியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இத்தினி வருசம் ஒங்க வூட்டுக் கொயம்பு ஒங்க வூட்டுக் கொயம்புன்னு என் உயிரை எடுத்தீங்களே. இப்ப பாருங்க, எங்க வூட்லயும் அதே வாசனை. கிளி மார்க்கு! கரைச்சி ஊத்தினா முடிஞ்சுது. இனிமே யாருண்ணே வறுத்துகினு கெடப்பா?" என்றாள். வேதாசலம் பின்னால் நின்று, "சின்னப்பா, இனிமே நீ பீத்திக்க ஒண்ணும் கெடையாதுடா" என்று சிரித்தான்.

இதுவும் கேட்டுக்கொள். டீச்சரம்மா சுண்டல் மேல் தூவுகிற தூளும் மூன்று கிளிதானாம். நான் அதில் ருசி கண்டுபிடித்ததற்கு இதுதான் காரணம். நாக்கு உன்னை அடையாளம் கண்டுகொண்டது, எனக்குத்தான் தெரியவில்லை. சுண்டல் விஷயத்தை இதோடு விட்டுவிடு.

இப்போது எழுதுவதுதான் பெரியது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அன்று விலாசத்தைப் பார்த்த கோபத்தில் பின்பக்கத்துச் செய்முறையைப் படிக்காமல் விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அதைப் படித்தேன். கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவந்து ஜன்னலில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்தேன். புளி எலுமிச்சம்பழ அளவு. பொடி மூன்று கரண்டி. முருங்கைக்காய் வெந்ததும் கொதி அடங்க விடவும். நீ போனதிலிருந்து ஓட்டல் சாப்பாடுதான், நான் அடுப்புப் பற்றவைத்துச் சமைத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. உப்புக்கு மட்டும் அளவு எழுதவில்லை, "தேவைக்கேற்ப" என்று போட்டிருந்தது. அதை நானே உள்ளங்கையில் விட்டுப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

குழம்பு அப்படியே உன் குழம்பாக வந்துவிட்டது, மேரி.

வாயில் வைத்ததும் எழுந்துவிட்டேன். நீ பின்னால் நிற்கிறாய் என்றே நினைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. நீ இல்லாமலேயே நீ வைத்த குழம்பு தட்டில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த எவனும் உன்னை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் நான் எதைச் சொல்லி உன்னை வரச் சொல்வது? சோற்றுக்கு வா என்று சொல்ல முடியாது. சோறு இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டாதே. காந்திமதிக்கும் வேண்டாம், உன் அண்ணனுக்கும் வேண்டாம்.

சின்னப்பன்


அனகாபுத்தூர்
31-7-1993

என்னங்க,

படித்துக் காட்டவில்லை. புடவை முந்தியில் முடிந்து வைத்திருக்கிறேன், தூள் வாசனை ஏறிவிட்டது.

அதே மாதிரி வந்ததா? எனக்கும் முதலில் வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நாற்பது வருடம் நான் வைத்ததை முதல் தடவையே ஒரு ரயில்வே கேங்மேன் பாக்கெட்டைப் பார்த்து வைத்துவிட்டாரா? அப்படியானால் நான் எதற்கு? அன்று பூராவும் மல்லியைத் தீய்த்துவிட்டேன். பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

பிறகு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நீங்கள் எழுதியதை நீங்களே சரியாகப் படிக்கவில்லை.

உப்பு போட்டது யார்?

எங்கள் அம்மா வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சமைக்கிறவள் அடுப்படியில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் நாள் கரண்டியோடு நின்றேன், உப்பு பார்க்க மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. நீங்கள் வாசலில் நின்றீர்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். "ஒரு கல்லு போடு" என்றீர்கள். அன்றிலிருந்து அப்படித்தான். நீங்கள் டூட்டியில் இருந்த நாளெல்லாம் என் குழம்பு எப்படி இருந்தது என்று மகளைக் கேட்டுப் பாருங்கள்.

பாக்கெட்டில் போட அண்ணன் எல்லா அளவையும் எழுதிக்கொண்டது. கடைசியில் "உப்பு?" என்றது. நாற்பது வருடமாகச் சமைக்கிறேன், என் குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரியாது. "அது என் கையில இல்ல, எங்க வூட்டுக்காரர் நாக்குல கீது" என்றேன். அண்ணன் "தேவைக்கேற்ப" என்று எழுதிக்கொண்டது.

கன்னியம்மா வீட்டு வாசனையைத்தானே பிடித்தீர்கள்? ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். ஏரிக்கரை வீட்டு பனியன்காரரையும் விட்டுவிடுங்கள், பாவம், அவர் பாதிதான் தின்றார்.

நான் வரத்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு நாள் கம்பெனிக்குப் போக, ஆறு நாள் ஒளித்துவைக்க என்று இனி என்னால் வர முடியாது. தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவேன். சம்மதமானால் எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள், உங்கள் கடிதம் வேண்டும்.

அண்ணன் எலுமிச்சை ஊறுகாய் போடப் பார்க்கிறது. ஊறுகாய்க்குத் தேவைக்கேற்ப என்று எழுத முடியாது, உப்பை இங்கேயே போட்டாக வேண்டும். இரண்டு தடவை போட்டதும் வீணாகிவிட்டது. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அண்ணன் சொல்ல வேண்டியதை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

செல்வமேரி


செம்பாக்கம்
8-8-1993, ஞாயிறு

மேரி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். "ஒரு கரண்டி கொயம்பு குடும்மா" என்றேன். ஆச்சரியப்பட்டுக்கொண்டே கொடுத்தாள். வாசனை நம் வீடு. நாக்கில் வைத்தால் வேறு வீடு. உப்பு ஒரு கை கூட. "நல்லா கீதுமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேதாசலம் என் முகத்தைப் பார்த்து, "இன்னாடா, லாட்டரி அடிச்சவன் மாதிரி போற?" என்றான். அவனுக்கு எப்படிச் சொல்வது? ஊர் முழுக்க நீ போய்விட்டாய் என்று எரிந்துகொண்டிருந்தேன். ஊருக்குப் போகாதது ஒன்று என் வாயிலேயே இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை பகல் உன் அண்ணன் வந்தான். பத்து வருடத்துக்குப் பிறகு. தலை பூரா நரைத்துவிட்டது, எனக்குத் தெரியாது. வாசலிலேயே நின்றான், கையில் ஒரு சின்ன பாட்டில். நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனும் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்து கரண்டியால் கொஞ்சம் சாறு எடுத்தான். நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் விட்டான்.

நக்கிப் பார்த்தேன். கண்ணை மூடி நன்றாக யோசித்தேன். அவனை நேராகப் பார்த்துச் சொன்னேன்:

"உப்பு பத்தல மச்சான்."

பந்தியில் அவன் சொன்ன அதே இரண்டு வார்த்தை. வேண்டுமென்றே சொல்லவில்லை மேரி, நிஜமாகவே பத்தவில்லை. பிறகு அவன்தான் முதலில் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். டீயும் இப்போது எனக்கு வரும், தூள் பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறது.

"எவ்ளோ போடணும் மாப்ளே, சொல்லு, எய்திக்கிறேன்" என்று பேனாவை எடுத்தான். நான் சொல்லவில்லை. "அது எய்துற அளவு இல்ல. ஒன் தங்கச்சி இங்க வந்து கேட்டா சொல்றேன். அதுவும் தெனம் ஒரு கல்லுதான் சொல்லுவேன்" என்றேன். மறுபடியும் சிரித்தான். நீ இதைப் பொறாமை என்பாய். சரி, பொறாமைதான். உன் கையை ஊருக்குக் கொடுத்துவிட்டாய், என் நாக்கையும் பாட்டிலில் அடைத்து விற்க நான் சம்மதிக்க மாட்டேன். ஊறுகாய்க்கு வேண்டுமானால் உன் வழியாகப் போகட்டும்.

நீ தினமும் பஸ்ஸில் போ. காலையில் ஸ்டாண்டு வரை நான் கூட வருகிறேன், போர்டைப் படித்து ஏற்றிவிடுகிறேன். அதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தப் பதினோரு பெண்கள் உன்னை மாஸ்டரக்கா என்று கூப்பிடட்டும். அந்தப் பேரைக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்கிறது, பழகிக்கொள்கிறேன்.

சாயங்காலம் நீ களைத்து வருவாய். குழம்பு நான் வைப்பேன், மூன்று கிளியில். உப்பு மட்டும் போடாமல் வைத்திருப்பேன். இனி சமைக்கிறவன் நான், அதனால் உங்கள் அம்மா வீட்டுப் பழக்கப்படி நான் வாயில் வைக்கக் கூடாது. நீ வந்து வாசலில் நின்று கையை நீட்டு. உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுகிறேன். ஒரு கல்லா இரண்டு கல்லா என்று நீ சொல். தப்பாகத்தான் சொல்வாய். பரவாயில்லை, இன்னும் நாற்பது வருடம் கற்றுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை வந்துவிடு. முருங்கைக்காய் வாங்கி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பகல் மணி அடிக்கும் முன்பே எழுதி முடித்துவிட்டேன், தெரியுமா? 'ழ' கூட இப்போது சொன்னபடி கேட்கிறது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். நீ அப்போது அடுத்த அறையில் இருப்பாய், அதற்காக விட மாட்டேன். ஸ்டாம்பு ஒட்டி, நம் வீட்டு விலாசம் எழுதி, கோயில் பக்கத்துப் பெட்டியில்தான் போடுவேன். தபால்காரர் கேசவன் சிரித்தால் சிரிக்கட்டும். கதவைத் திறந்து நீயே வாங்கிக்கொள்.

உன்
சின்னப்பன்